விரிசல் விட்ட கட்டைக்கு வலு எவ்வளவு?

தண்டவாளத்துக்குக் குறுக்கே, ஜல்லிக்குள் பாதி புதைந்து கிடக்கும் கான்கிரீட் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லீப்பர் கட்டை என்பார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் டன் எடை.

சுவீடன் நாட்டில் 1992 முதல் 1996 வரை செய்த கட்டைகள் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தன. லட்சக்கணக்கான கட்டைகளில் விரிசல்! எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டால் செலவு கட்டுப்படியாகாது. அப்படியே விட்டால் ரயிலுக்கு ஆபத்து வருமோ என்று பயம்.

விரிசல் ஏன் வந்தது? அவசரம்தான் காரணம் என்று கருதினார்கள். வார்த்த கான்கிரீட் சீக்கிரம் இறுகட்டும் என்று தொழிற்சாலையில் சூடு ஏற்றுவது வழக்கம். சூடு 70 டிகிரியைத் தாண்டிவிட்டால், 'எட்ரிங்கைட்' என்ற படிகம் அப்போது உருவாகாமல் தள்ளிப்போகும். கான்கிரீட் கல்லாக இறுகிய பிறகு, ஈரம் உள்ளே இறங்கும்போது மெல்ல உருவாகும். அதற்கு அங்கே இடம் ஏது? கட்டை உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும்.

வடக்கே லூலியோ நகரப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கட்டைகளைச் சோதித்தார்கள். விரிசல் கொஞ்சம், நடுத்தரம், மோசம் என்று பிரித்து, அழுத்தி உடைத்தார்கள். தண்டவாளம் உட்காரும் இடத்தில் ஒரு சோதனை, நடுப்பகுதியில் ஒரு சோதனை. ஏன் இரண்டு? சக்கரம் அழுத்தும்போது தண்டவாளத்துக்கு நேர் கீழே கட்டையின் அடிப்பக்கம் இழுபடும். நடுவில் ஜல்லி மேடிட்டு முட்டுக்கொடுத்தால், அங்கே மேல்பக்கம் இழுபடும். ஒரே கட்டை, இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வளைகிறது!

முடிவு எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. சின்ன விரிசல் விட்ட கட்டைகளின் வலு பெரிதாகக் குறையவில்லை. விரிசல் மிக மோசமான பிறகுதான் சட்டென்று இறங்கியது.

கட்டைக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் செய்யும் வேலை இது. அந்தக் கம்பிகளை இழுத்துப் பிடித்த நிலையில்தான் கான்கிரீட்டை வார்க்கிறார்கள். இறுகியதும் விட்டுவிட்டால், கம்பி சுருங்கப் பார்க்கும். கான்கிரீட்டை இரு முனையிலிருந்தும் நெருக்கும். பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். ஒட்டாத புத்தகங்களும் ஒரே பலகைபோல் எழும்பும். கையைத் தளர்த்தினால் தொபுக்கென்று விழும். அதனால் பழைய கட்டையில் கம்பியின் பிடி எவ்வளவு மிச்சம் என்பதும் முக்கியம். விரிசல் விட்ட கட்டையை மறுபடி அழுத்தி, மூடிக்கிடக்கும் விரிசல் எந்தப் பாரத்தில் வாய் திறக்கிறது என்று பார்த்தால் அதைக் கணக்கிடலாம்.

சரி, எல்லாக் கட்டையையும் உடைக்க முடியுமா? உடைத்தால் ரயில் எதன்மேல் ஓடும்! சிலவற்றை மட்டும் உடைத்துவிட்டு, மற்றவற்றை உடைக்காமல் சோதிக்கும் வழிகளும் உண்டு. அதில் ஒன்று, ஒரு பக்கம் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, மறுபக்கம் வந்துசேர ஆகும் நேரத்தை அளப்பது. நல்ல கான்கிரீட்டில் அந்த ஒலி நொடிக்கு 4 கிலோமீட்டருக்கும் வேகமாக ஓடும். உள்ளே விரிசல் இருந்தால் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும்.

இன்று தேறிய கட்டை என்றைக்கும் தேறும் என்று சொல்ல முடியாது. ஈரம் இருக்கும்வரை அந்தப் படிகம் வளரலாம். ஜல்லிக்குள் தண்ணீர் தேங்கும் இடங்களில் இருக்கும் கட்டைகளைத்தான் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.