இருக்கிறதா, இல்லையா? சாப்பிடலாமா, கூடாதா?

மரபணு மாற்ற உணவு: முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கருவி உண்டு. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டிய விதிகள்தான் இழுபறியில் கிடந்தன.

பெங்களூரின் வடமேற்கே தும்கூர் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளுக்கும் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் பேர்போன இந்தப் பகுதியில் உணவுப் பரிசோதனைக் கூடங்களும் உண்டு. மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறை எந்தக் கூடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிடி மக்காச்சோளத்தை மாவாக்கி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். கருவியில் கோடிக்கணக்கில் பெருக்குகிறார்கள். பெரும்பாலும் தேடப்படுவது இரண்டு துண்டுகள்: காலிஃபிளவரைத் தாக்கும் வைரஸிலிருந்து எடுத்த ‘35 எஸ்’, மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ‘நாஸ்’. முன்னது புகுத்திய மரபணுவை இயக்கும். பின்னது முடிவைக் குறிக்கும்.

கருவி சொல்வது அவ்வளவுதான். அந்த உணவு உடம்புக்கு ஆகுமா என்பது அதன் வேலையில்லை. புதிய புரதம் நஞ்சாகுமா, ஒவ்வாமை தருமா, சத்துக்கள் மாறியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இதற்கு 2003இல் வழிமுறை வகுத்தது.

இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்பதை உணர்த்தியது ‘ஸ்டார்லிங்க்’ மக்காச்சோளம். ஒவ்வாமைச் சந்தேகத்தால் அமெரிக்கா 1998இல் அதைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமே அனுமதித்தது. 2000இல் அது மனிதர்கள் சாப்பிடும் டாக்கோ பண்டங்களில் அகப்பட்டது. அதன் எதிரொலி இந்தியாவிலும் கேட்டது. அமெரிக்காவிலிருந்து உதவியாக வரவிருந்த மக்காச்சோள-சோயா மாவுக்கு 2002இல் அனுமதி மறுத்தது மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு.

மறுக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு 1989ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளிலிருந்து வந்தது. 2006இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, விதிமுறைகள் அனுமதித்தாலன்றி மரபணு மாற்ற உணவைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்றது. அந்த விதிமுறைகள்தான் வந்து சேரவில்லை. இதற்கிடையே 2007இல் மரபணு மாற்ற சோயா எண்ணெய்க்குக் குழு பச்சைக்கொடி காட்டியது. பின்னர் கனோலா எண்ணெய்க்கும் கதவு திறந்தது.

கடைகளில் நிலவரம் என்ன? 2018இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருள்களைச் சோதித்தது. 21இல் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. அவற்றில் 16 இறக்குமதிச் சரக்கு. குழந்தை உணவும் தப்பவில்லை.

2020 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம், சோயா, தக்காளி, ஆப்பிள், பப்பாளி உள்ளிட்ட 24 பயிர்கள் இறக்குமதியானால், அவை மரபணு மாற்றம் இல்லாதவை என்று ஏற்றுமதி நாட்டு அரசின் சான்றிதழ் வேண்டும். தற்செயலான கலப்பு 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். 2021 மார்ச் முதல் இது நடைமுறைக்கு வந்தது. இது வணிகத் தடை என்று அமெரிக்கா முறையிட்டது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், கோழித் தீவனத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கை இறக்க இந்திய அரசே அனுமதித்தது!

சிக்கல் அதிகம் இருப்பது எண்ணெயில். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. சோயா எண்ணெய் பெரும்பாலும் வருவது அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுவதுமே மரபணு மாற்றப்பட்டது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது டி.என்.ஏ. அநேகமாகப் போய்விடும். நுண்ணிய சோதனையில் சில சமயம் சிக்கும், சிக்காமலும் போகும். ஆகவே ‘தடயம் இல்லை’ என்ற சோதனை முடிவு, எண்ணெய் எந்த விதையிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாகாது. அதைக் காட்டக்கூடியது கொள்முதல் முதல் பாட்டில் வரையிலான ஆவணமும் லேபிளும்தான்.

ஆதரவாளர்களின் வாதமும் லேசானதல்ல. அமெரிக்கர்கள் 1996 முதல் மரபணு மாற்ற சோயாவைச் சாப்பிடுகிறார்கள். சர்வதேசச் சந்தைக்கு வந்த ரகங்கள் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாண்டியவை, உடல்நலத்துக்கு ஆபத்து தர வாய்ப்பில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் அந்த மதிப்பீடுகளை இந்தியாவும் வாங்கிப் பார்த்து, முடிவை வெளிப்படையாகச் சொல்வதில் என்ன கஷ்டம்? பாதுகாப்பானது என்றால் அனுமதி, இல்லையென்றால் தடை. சான்றிதழ் கேட்பது இரண்டுமில்லை.

விதிமுறைகளின் வரைவை ஆணையம் 2021இலும், திருத்தி 2022இலும் வெளியிட்டது. முன் அனுமதி கட்டாயம், 1 சதவீதத்தை எட்டினால் லேபிளில் அறிவிப்பு என்றது அது. 2024 ஜூலையில் மரபணு மாற்றக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். ஆனால் இறக்குமதியாகும் மரபணு மாற்ற எண்ணெய்க்கு லேபிள் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர் கேட்பது பெரிய விஞ்ஞானமல்ல. உள்ளே என்ன இருக்கிறது, அதை ஆராய்ந்து யார் ஒப்புதல் தந்தார்கள் என்ற இரண்டு வரி. வாங்குவதும் விடுவதும் அவர் பாடு.