உங்களுக்குத் தெரியுமா? பார்வை நரம்பையும் சர்க்கரை தாக்கும்

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விழித்திரைதான். அதன் பின்னாலிருந்து மூளையை நோக்கிச் செல்லும் பார்வை நரம்பும் அடிபடுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுமார் 5 செ.மீ. நீளமே உள்ள அந்த நரம்புக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். சொல்லப்போனால் அது மூளையின் நீட்சியேதான். மூளையைப் போர்த்தியிருக்கும் அதே உறைகள் இதற்கும் உண்டு.

உயிருள்ள மனிதரின் நரம்பை அறுத்துப் பார்க்க முடியுமா? இங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. 1994-இல் பீட்டர் பாஸரும் சகாக்களும் அறிமுகப்படுத்திய ‘டிஃப்யூஷன் டென்சர்’ முறை, திசுவுக்குள் நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அளக்கிறது. கரை உறுதியான வாய்க்காலில் நீர் நேராகப் போகும்; கரை உடைந்தால் பக்கவாட்டில் பரவும். நரம்பிழைகளிலும் இதே கதைதான். அந்த ஒழுங்கை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகக் குறிப்பார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் அந்த எண் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஊசி மருந்தோ எக்ஸ்-ரே கதிரோ தேவையில்லை. ஆனால் நரம்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். கண் லேசாக அசைந்தாலே படம் கலங்கிவிடும். அதனால் இது இன்னும் பெரும்பாலும் ஆய்வாளர்களின் கருவியே.

சர்க்கரை உள்ளவர்கள் இதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். ஆண்டுக்கொரு முறை, சொட்டு மருந்து விட்டுச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.