வியர்வையைச் சோதித்தபோது

ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்த எனக்குச் சின்னதிலிருந்தே சளி. மலைக்குளிர் என்றார்கள். பிறகு வீசிங் என்றார்கள். காசநோயோ என்று சளியைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. மலையேறி இறங்கினால் என் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். "என்னடா இவ்வளவு உப்பு?" என்று அம்மா துவைக்கும்போதெல்லாம் கேட்பார். முப்பது தாண்டி, கொழும்பில் வியர்வைப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது, இது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

இது தொற்றாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான சிஎஃப்டிஆர் மரபணு வந்தால்தான் உண்டாகும். அந்த மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. உப்பும் நீரும் செல்களில் சரியாகப் போய்வராததால் சளி பசைபோல் இறுகி நுரையீரலை அடைக்கிறது. பலருக்குக் கணையமும் அடைபட்டு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. லேசான மரபணுக் கோளாறுள்ளவர்கள் வளர்ந்த பிறகே பிடிபடுகிறார்கள்.

இப்போது நெபுலைசரில் உப்புக் கரைசல் பிடித்து, சளியை வெளியேற்றிய பிறகுதான் எனக்குக் காலைத் தேத்தண்ணி. 2019இல் அமெரிக்கா அனுமதித்த டிரிகாஃப்டா மாத்திரை பலரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. நாட்சம்பளக் குடும்பத்துக்கு அதன் விலை எட்டாது. இது பெரிய அநியாயம்.

காசநோய் இல்லையென்ற பிறகும் சளி விடவில்லையா, பிள்ளைக்கு எடை ஏறவில்லையா? வியர்வைப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.