கற்ற மகளிரும் பணியிடத் தேர்வும்

உயர்கல்வி பெற்ற பெண் உத்தியோகம் பார்க்கலாமா என்ற வினா ஒரு காலத்தில் நம் இல்லங்களில் எழுந்தது. இன்று எழுவது வேறு வினா: எந்த நிறுவனத்தில் சேர்வது?

பெங்களூர் விவேக் நகரை எடுத்துக்கொள்வோம். இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் பட்டம் பெற்ற பெண்கள் பலர். குழந்தை இயேசு ஆலயத்தருகே பேருந்துக்குக் காத்திருப்போர் பேச்சைச் செவிமடுத்தால், சம்பளத்தைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்துவிடும். மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பதே நீளும். இதைக் கொண்டு, இவர்களுக்கு முன்னேறும் ஆர்வம் குறைவு எனச் சிலர் முடிவு கட்டுகின்றனர். அது பிழையான முடிவு.

சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1943-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றவர் ஏ. லலிதா. நான்கு மாதப் பெண் குழந்தையுடன் பதினெட்டாம் வயதில் கணவரை இழந்தவர் அவர். முதலில் சிம்லாவில் மத்திய தர நிர்ணய நிறுவனத்தில் சேர்ந்தார்; அவ்வூரில் உடன்பிறந்தார் ஒருவரின் குடும்பம் இருந்தது. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மற்றோர் உடன்பிறந்தார் வசித்தார். பக்ரா நங்கல் திட்டத்தின் மின்தொடர் வடிவமைப்பில் பங்கு கொண்ட அறிஞரின் திறமைக்கு என்ன குறை? ஆயினும் அத்திறமை நாட்டுக்குப் பயன்பட, குழந்தையைப் பேண உறவினர் வீடொன்று வேண்டியிருந்தது. அத்தகைய வீடு வாய்க்காத பெண் என் செய்வாள்?

இதற்கு விடை சொல்ல வேண்டியது நிறுவனமே. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதலிரு குழந்தைகளுக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம் என்றும் விதிக்கப்பட்டது.

வசதி மட்டும் போதாது, மதிப்பும் வேண்டும். இந்திய அயல்நாட்டுப் பணியின் 1961-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டியிருந்தது; ஆண் அதிகாரிக்கு அந்நிபந்தனை இல்லை. சி. பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979-இல் உச்சநீதிமன்றம் இப்பாகுபாட்டைக் கடிந்துரைத்தது. மாறாக, இதே பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் 1953-இல் ஆசிரியராகச் சேர்ந்த ராஜேஸ்வரி சாட்டர்ஜி, தாம் கற்ற நுண்ணலைப் பொறியியலையே கற்பித்து, துறைத்தலைவராகவும் உயர்ந்தார். கற்ற துறையில் வேலை, உழைப்புக்கேற்ற உயர்வு என்னும் இவ்விரண்டும் உள்ள இடத்தைக் கற்ற பெண் எளிதில் விட்டு நீங்குவதில்லை.

ஆகவே பணியாணையைக் கையில் வாங்கும் பெண் சம்பளத் தொகையோடு நின்றுவிடலாகாது. காப்பகம் உண்டா, இரவில் வீடு சேர வாகனம் உண்டா, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்கும் உட்குழு அமைந்துள்ளதா, உயர்பதவியில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டறிவது அவள் உரிமை. இக்கேள்விகளைக் கேட்பவளைத் தொல்லை தருபவளாக எண்ணும் நிறுவனம், தன் விடையை அப்போதே கூறிவிட்டது எனக் கொள்ளலாம்.