தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வும் தன்னெதிர்ப்புக் குறிகளும்

முன்னுரை

திருவண்ணாமலை, 1989இல் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டின் பகுதியாக இருந்தது. தொழுநோய் மிகுந்திருந்த அந்நிலப்பரப்பில், வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. உடலில் கிருமிகள் மிகுந்த தொழுநோயாளர் சிலருக்குக் காய்ச்சல், வலியுடைய செந்நிறக் கட்டிகள், மூட்டுவீக்கம் ஆகியன தோன்றும். இஃது இரண்டாம் வகை எதிர்வினை எனப்படும். இத்தகைய நோயாளர் சிலரின் குருதியில் முடக்குவாதக் காரணியும், உயிரணுவின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் காணப்படுவதுண்டு. இவை முடக்குவாதம், லூபஸ் ஆகிய தன்னெதிர்ப்பு நோய்களில் வழக்கமாகத் தேடப்படும் குறிகளாகும். இவ்வொற்றுமைக்குக் கிருமியின் டி.என்.ஏ. காரணமாகலாமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அயல் டி.என்.ஏ.வை உடல் அறியும் முறை

சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இணை பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வில் மிகுதி. மனித டி.என்.ஏ.வில் அது குறைவு. இருப்பதும் பெரும்பாலும் மெத்தில் தொகுதி ஏற்றிருக்கும். பி.சி.ஜி. கிருமியின் டி.என்.ஏ. நோயெதிர்ப்பைத் தூண்டுவதை 1984இல் ஜப்பானின் தொக்குநாகா குழுவினர் வெளியிட்டனர். அதனை உணரும் ஏற்பி டி.எல்.ஆர்.9 என்பதை 2000இல் அகிரா குழுவினர் நிறுவினர்.

தமிழ்நாட்டுக் கிருமி

2001இல் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்ட தொழுநோய்க் கிருமி, தமிழ்நாட்டில் பெறப்பட்ட 'டி.என்.' வகையாகும். அதன் 32,68,203 இணைகளில் பாதிக்கும் குறைவான பகுதியே செயல்படும் மரபணுக்களைக் கொண்டது. எனினும், ஏற்பி மரபணுவின் செயலைப் பார்ப்பதில்லை; டி.என்.ஏ.வின் அமைப்பையே உணர்கிறது. ஆகவே, மருந்தால் சிதைந்த கிருமியின் எச்சமும் அதனைத் தூண்ட வல்லது. சிகிச்சையின்போதும் அதன் பின்னரும் எதிர்வினை தோன்றுவது இதனோடு பொருந்துகிறது. இவ்வெதிர்வினையில் டி.எல்.ஆர்.9 வழி முதன்மையான பங்கு வகிப்பதை 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டினர்.

வரம்பு

தூண்டுதல் வேறு, நோயின் மூலகாரணம் வேறு. லூபஸ் தோன்றும் எலிகளில் டி.எல்.ஆர்.9 நீக்கப்பட்டபோது, டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் குறைந்தும் நோய் கடுமையாயிற்று. எனவே, தொழுநோயில் கண்டதை எல்லாத் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் பொருத்துதல் இயலாது.

முடிவுரை

தொழுநோய் வழங்கிய பகுதிகளில் எதிர்ப்பொருள் சோதனையை மட்டும் கொண்டு லூபஸ் என முடிவு செய்தல் கூடாது. தோலின் உணர்விழப்பு, நரம்புத் தடிப்பு, தோல் கீறல் மாதிரி ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சையின்றி ஸ்டீராய்டு மட்டும் தரப்படின் வீக்கம் தணியும், கிருமியோ பெருகும், நரம்பிழப்பு நிலைத்துவிடும்.