ஒழுங்கும் ஒழுங்கின்மையும்: கிறிஸ்தவ சமயத்தின் நோக்கு

கதிரவன் காலந்தவறாது எழுகிறான். விதைத்த வித்து தன் இனத்தையே விளைவிக்கிறது. ஆயினும் இதே உலகில் வெள்ளமும் நிலநடுக்கமும் போரும் கொள்ளைநோயும் யாதொரு முறையுமின்றி நல்லாரையும் தீயாரையும் ஒருங்கே வாரிச் செல்கின்றன. இவ்விரண்டில் உலகின் இயல்பு எது? ஒழுங்கா, ஒழுங்கின்மையா? சமயங்கள் யாவும் எதிர்கொண்ட இக்கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் தரும் விடை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுப் பொருள் அன்று. மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் கோவா, கேரளம், வடகிழக்கு மாநிலங்கள் முதலிய இடங்களிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் நம் அண்டை வீட்டாராகவும் உடன் பணிபுரிவோராகவும் இருக்கின்றனர். நம்மவருள்ளும் அச்சமயத்தினர் பலர் உளர். ஒரு குடும்பத்தின் நன்மை தீமைகளில் பங்குகொள்ளுங்கால், அக்குடும்பத்தார் துயரத்தை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறிந்திருத்தல் நலம்.

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம், தன் இரண்டாம் வசனத்திலேயே இப்பொருளைத் தொடுகிறது. படைப்பின் தொடக்கத்தில் பூமி எந்நிலையில் இருந்தது என்பதைக் கூற, எபிரேய மூலம் ‘தோகூ’, ‘போகூ’ என்னும் இயைபுடைய இரு சொற்களை இணைத்து வழங்குகிறது. இவற்றை மொழிபெயர்ப்பது எளிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்தில் பெயர்த்தோர், காணப்படாதது, அமைக்கப்படாதது என்ற பொருள்படப் பெயர்த்தனர். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், இரண்டிற்கும் வெறுமை என்ற பொருளையே தந்தார். தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர்ப்பு, ‘ஒழுங்கின்மை’, ‘வெறுமை’ என்னும் இரு சொற்களை ஆள்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது மிகப் பொருத்தமான தெரிவாகத் தோன்றுகிறது. ‘தோகூ’ என்பது, வழி தெரியாது வணிகச் சாத்துகள் மாண்டொழியும் பாழ்நிலத்தையும் குறிக்க விவிலியத்தில் வழங்கும் சொல். தீய ஆற்றல் ஒன்றை அது குறிக்கவில்லை. திசையும் எல்லையும் இல்லாத நிலையையே குறிக்கிறது.

இந்நுட்பத்தை உணர, அண்டை நாடாகிய பாபிலோனின் படைப்புக் கதையை ஒப்புநோக்குதல் வேண்டும். ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பெற்ற அக்கதையை ஜார்ஜ் ஸ்மித் என்னும் ஆங்கில அறிஞர் 1876-இல் உலகறியச் செய்தார். அதில் கடலின் வடிவினளாகிய தியாமத் என்னும் தேவியை மார்துக் என்னும் தேவன் போரிட்டுக் கொன்று, அவளது உடலை இரு கூறாகப் பிளந்து, ஒரு கூற்றை வானமாக அமைக்கிறான். ஆதியாகமத்திலும் இருளும் ஆழ்நீரும் உள. நீர் இரண்டாகப் பிரிக்கப்படுவதும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கல் 1895-இல் வெளியிட்ட நூலில் இவ்வொற்றுமைகளை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் வேற்றுமையே ஈண்டுக் கருதத்தக்கது. ஆதியாகமத்தில் போர் இல்லை, பகைவரும் இல்லர். இறைவன் சொல்கிறார், சொல்லியவாறே ஆகிறது. முதல் மூன்று நாட்களில் ஒளி இருளினின்றும், மேல்நீர் கீழ்நீரினின்றும், நிலம் கடலினின்றும் பிரிக்கப்படுகின்றன. அடுத்த மூன்று நாட்களில் அவ்விடங்கள் சுடர்களாலும் உயிர்களாலும் நிரப்பப்படுகின்றன. பெருங்கடல் விலங்குகளும் அவர் படைத்தவையே. ஒழுங்கின்மைக்கு வடிவின்மை நீங்கி வடிவும், வெறுமை நீங்கி நிறைவும் முறையே அருளப்பட்டன என்பதே அந்நூலின் கூற்று.

இங்கு ஓர் ஐயம் எழுந்தது. அவ்வடிவற்ற பொருள் எங்கிருந்து வந்தது? இறைவனோடு அதுவும் அநாதியாக இருந்ததெனின், ஒழுங்கின்மையும் இறைவனுக்கு நிகரான ஒரு முதற்பொருள் ஆகிவிடும். இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாழ்ந்த ஜஸ்டின், வடிவற்ற பொருளிலிருந்து உலகு படைக்கப்பட்டதாகவே எழுதினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியாவின் தியோபிலசும் லியோன் நகரத்து இரேனியசும் இதனை மறுத்து, யாதொரு மூலப்பொருளும் இன்றி இறைவன் உலகைப் படைத்தார் என்று நிறுவினர். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதனையே திருச்சபையின் கொள்கையாக உறுதி செய்தது. நன்மையும் தீமையும் சமபலமுடைய இரு வேந்தர் அல்லர் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இதுவே அடிப்படையாகும்.

எனினும், படைப்போடு ஒழுங்கின்மை ஒழிந்துவிட்டதாக விவிலியம் கூறவில்லை. கடல் அழிக்கப்படவில்லை, அதற்கு எல்லை இடப்பட்டது. யோபு என்னும் நூலில், மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த நல்லான் ஒருவன் இறைவனிடமே நியாயம் கேட்கிறான். ‘நீ பாவம் செய்திருப்பாய், அன்றேல் இத்துன்பம் வாராது’ என்னும் கருத்துப்பட நண்பர்கள் வாதிடுகின்றனர். உலகில் யாவும் கணக்குத் தவறாது நடக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. இறைவனோ சூறாவளியிலிருந்து விடை பகர்கிறார். கடலைக் கதவிட்டு அடைத்ததையும், பிறந்த குழவியைத் துணியால் சுற்றுவதுபோல் அதனை இருளால் சுற்றியதையும் கூறுகிறார். யோபின் துன்பத்திற்குக் காரணம் கூறினாரில்லை. ஆயினும் முடிவில் கண்டிக்கப்படுவோர் அந்நண்பர்களே.

ஒழுங்கின்மை மீண்டும் தலைதூக்குவதற்கு மனிதனும் காரணமாதல் உண்டு. எரேமியா என்னும் தீர்க்கதரிசி, நீதி மறந்த யூதா நாட்டிற்கு வரவிருந்த அழிவைக் காட்சியாகக் கண்டார். ஒளியிழந்த வானையும், அதிரும் மலைகளையும், பறவைகளும் அற்றுப்போன வெளியையும் வருணிக்கும் அவர், அந்நிலத்தைக் குறிக்க ஆதியாகமத்தின் அதே இரு சொற்களையும் ஆள்கிறார். அநீதி படைப்பையே பின்னோக்கிச் செலுத்தும் என்பது அதன் கருத்து.

இக்கருத்துகளைத் தொகுத்து முறைப்படுத்தியவர்களுள் தலையாயவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தீன். 410-இல் ரோம் நகரம் கொள்ளையிடப்பட்டபோது நாகரிக உலகமே நிலைகுலைந்ததாகப் பலர் கலங்கினர். அதன் விளைவாக 413 முதல் 426 வரை அவர் எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூலில், அமைதி என்பது ஒழுங்கினின்று பிறக்கும் நிலை என்று விளக்கினார். அதே நூலில், நீதியற்ற அரசு பெருங்கொள்ளைக் கூட்டமே என்றும் இடித்துரைத்தார். நீதி இல்லாத அடக்கம் ஒழுங்காகாது என்பது இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார்க்குப் புலப்படும். 430-இல் வாண்டல் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் உயிர் நீத்தார்.

பிற்காலத்தார் இதனை எப்போதும் நினைவில் வைத்திருந்தனர் என்று கூறுவதற்கில்லை. 1848-இல் இங்கிலாந்தில் சிறுவர்க்கென வெளியான புகழ்பெற்ற ஞானப்பாடல் ஒன்று, மாளிகையில் செல்வனும் அதன் வாயிலில் ஏழையும் இருப்பதை இறைவன் வகுத்த முறையாகவே கூறிற்று. பிற்காலப் பாடற்புத்தகங்கள் பல அவ்வடிகளை நீக்கிவிட்டன. மனிதர் ஏற்படுத்திய ஏற்றத்தாழ்வை இறைவனின் ஒழுங்கென்று கூறுதல் எத்துணைத் தவறு என்பதைக் கிறிஸ்தவர்களே உணர்ந்தனர்.

மற்றொரு சோதனை 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நேர்ந்தது. அன்று புனிதர் அனைவரின் திருநாள். போர்ச்சுகலின் தலைநகராகிய லிஸ்பனில் மக்கள் ஆலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்த வேளையில் நிலம் நடுங்கியது. கடல் பொங்கியது, தீயும் பரவியது. இருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்தது என்று முன்னர் மெய்ப்பிக்க முயன்ற லைப்னிட்சின் தத்துவத்தை வோல்த்தேர் தம் கவிதையிலும், 1759-இல் வெளியான ‘கான்டீட்’ என்னும் கதையிலும் எள்ளி நகையாடினார். அவர் தாக்கியது யோபின் நண்பர்களுடைய கொள்கையைப் போன்றதே. உலகம் இன்றே செவ்வையாக இருக்கிறது என்று யோபின் நூல் கூறவில்லை. விவிலியத்தின் இறுதி நூல் வரவிருக்கும் புதிய பூமியைக் கூறுங்கால், அங்கே கடல் இராது என்று குறிப்பிடுகிறது. ஒழுங்கின் நிறைவு அங்குக் கண்முன் உள்ள செய்தியாக அன்றி, எதிர்நோக்கும் நம்பிக்கையாகவே கூறப்படுகிறது.

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய இரவில் கத்தோலிக்க ஆலயங்களில் விளக்குகள் அணைக்கப்பட்டு, புதுத்தீ மூட்டி, பெரிய மெழுகுதிரி ஒன்று ஏற்றப்படும். அதிலிருந்து மக்கள் தத்தம் திரிகளை ஏற்றிக்கொள்வர். பின்னர் முதல் வாசகமாக ஆதியாகமத்தின் படைப்பு வரலாறு வாசிக்கப்படும். இருள் இல்லை என்று அச்சடங்கு பாசாங்கு செய்யவில்லை. இருளில் நின்றே தொடங்குகிறது.

ஆதலின், இழப்புற்ற ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று விரைந்து கூறுவது அவரது மறையின் உட்பொருளுக்கு அத்துணைப் பொருந்துவதன்று. யோபின் நண்பர்கள் வாய் திறப்பதற்குமுன் ஏழு நாட்கள் அவனோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தனர் என்று அந்நூல் கூறுகிறது. அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே எனலாம். எச்சமயத்தைச் சார்ந்த அண்டை வீட்டார்க்கும் நாம் செய்யத்தக்க உதவியும் அஃதேயாகும்.