வேர் தொடாத யூரியா

இறவை மரவள்ளிக்கு மூன்றாம் மாதத்தில் தர வேண்டிய தழைச்சத்து ஹெக்டேருக்கு 45 கிலோ என்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 40 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை ஒன்றுகூட முழுதாகத் தேவைப்படாது. இலை கொஞ்சம் வெளுத்ததும், ‘பச்சை கட்டட்டும்’ என்று இரண்டாவது மூட்டையைப் பிரிக்கிறோமே, அதில் பெரும்பங்கு செடிக்குப் போய்ச் சேராது.

யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டை வேர் தானாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதில்லை. ஆற்றலைச் செலவழித்து, சவ்வில் உள்ள புரதங்கள் வழியாக உள்ளே இழுக்கிறது. அப்படி ஒரு புரதம் என்.ஆர்.டி. 1.1. அது நைட்ரேட்டைக் கடத்துவதோடு, வெளியே எவ்வளவு இருக்கிறது என்பதை உணரவும் செய்கிறது என்று 2009-இல் தைவானின் யி-ஃபாங் சாய் குழு காட்டியது. மண்ணில் நைட்ரேட் குறைந்தால் அந்தப் புரதத்தின் ஓரிடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். அப்போது துளி நைட்ரேட்டையும் விடாமல் பிடிக்கும். மண்ணில் மிகுந்தால் அந்தப் பிடி தளரும். தழைச்சத்து போதும் என்ற நிலை வந்தால் செடி உறிஞ்சுவதையே குறைத்துக்கொள்கிறது. நைட்ரேட் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் பக்கவேர் விடும். எங்கும் கொட்டிக் கிடந்தால் பக்கவேர் வளர்ச்சி மட்டுப்படும். தன் அளவு செடிக்குத் தெரியும். நாம்தான் அதைக் கேட்காமல் போடுகிறோம்.

மிஞ்சிய நைட்ரேட் மண்ணில் தங்காது. களிமண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம், நைட்ரேட்டுக்கும் அதுவே. ஒட்டாமல் பாசனத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. மேலே உள்ள சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் ஊறும் நீர்தான் நம் கிணறுகளில் இருக்கிறது. காட்டில் கொட்டியது அங்கே வந்து சேரும். பழியை யூரியாவின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. மழையில் நனையும்படி குவித்து வைத்த கோழி எருவும், கிணற்றை ஒட்டித் தோண்டிய கழிவறைக் குழியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 தர அறிக்கையில், தமிழ்நாட்டு மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது.

அந்த வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மிகுதியாக இருந்தாலும் நிறமோ வாடையோ காட்டிக்கொடுக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும், அடர்த்தி கூடும். முறையாகப் பராமரித்த ஆர்.ஓ. கருவி குறைக்கும். கிடைக்கிற இடத்தில், சோதித்த குழாய்த் தண்ணீரே மேல்.

மாட்டுக்கும் ஆபத்து உண்டு. செடிக்குள் போன நைட்ரேட்டைப் புரதமாக்கும் வேலை இலையில் வெயிலின் துணையோடு நடக்கிறது. வறட்சியில் பயிர் வாடி நிற்கும்போது அந்த வேலை தடைபட்டு, நைட்ரேட் தண்டின் அடிப்பகுதியில் தேங்கும். யூரியா போட்ட சோளம் காய்ந்து, ஒரு மழை பெய்து, மறுநாளே அறுத்துப் போட்டால் மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறிவிடும். மாடு மூச்சு வாங்கும், தள்ளாடும்; ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். இளஞ்சோளத்தின் சயனைடு நஞ்சில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் கைவைத்தியம் வேண்டாம்; 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். மழைக்குப் பின் ஒரு வாரமாவது விட்டு, அடித்தண்டை நிலத்திலேயே நிற்கவிட்டு அறுங்கள். வெயிலில் உலர்த்தினாலும் நைட்ரேட் போகாது. ஊறுகாய்ப்புல்லாக்கினால் ஓரளவு குறையும்.

இதிலெல்லாம் கேட்டுப் பெற நமக்கு உரிமை இருக்கிறது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் உங்கள் காட்டு மண்ணைச் சோதித்து உரப் பரிந்துரை பெறலாம். உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் இருப்பையும் விலையையும் எழுதி வைக்க வேண்டும், பில் தர வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் வாங்கினாலோ, வேறு மருந்தையும் சேர்த்து வாங்கச் சொன்னாலோ வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மூட்டையையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கில் அவைதான் சாட்சி. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுபோலவே தரமற்ற உரம் வாங்கி ஏமாந்தவரும் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

தண்ணீர் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கிணற்று நீரையும் அங்கே கொடுக்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று ஊராட்சியில் கிராம சபை கூடும். ஊர்க் குடிநீரின் நைட்ரேட் அளவு என்ன என்று கேட்டுத் தீர்மானத்தில் பதியச் செய்யுங்கள். சோதனைக்கு மாதிரி எடுக்க வரும்போது, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக் கிணறுகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.